ஒரே பெயர், இரண்டு படங்கள்

தரையில் பன்னிரண்டு அட்டைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. ஒன்றைத் திருப்பினால் யானை. இன்னொன்றைத் திருப்பினால் குடை. ஜோடி சேரவில்லை என்றால் இரண்டையும் பழையபடி கவிழ்த்துவிட்டு அடுத்தவருக்கு வாய்ப்பு தர வேண்டும். யானைக்கு யானையும் குடைக்குக் குடையும் கண்டுபிடித்தவர் அந்த இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொள்ளலாம். நான்கு வயதுப் பிள்ளை இதில் அப்பாவைத் தோற்கடிப்பது பல வீடுகளில் நடக்கிறது. எந்த அட்டை எந்த இடத்தில் கிடந்தது என்று பார்த்து வைத்துக்கொள்வதில் அந்த வயதுக்காரர்கள் கெட்டி.

ஆட்டம் புதிதல்ல. ஜெர்மனியின் ராவன்ஸ்பர்கர் நிறுவனம் 1959இல் இதை ‘மெமரி’ என்ற பெயரில் பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கியது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஜப்பானியப் பிரபுக்களின் வீடுகளில் ‘காய் அவாசே’ என்ற சிப்பி ஆட்டம் இருந்தது. ஒரு சிப்பியின் இரண்டு ஓடுகளும் ஒன்றோடொன்று மட்டுமே சரியாகப் பொருந்தும். வேறு சிப்பியின் ஓடு அதில் உட்காராது. 360 சிப்பிகளைப் பிரித்துப் பரப்பி, உரிய ஓட்டைத் தேடிச் சேர்ப்பார்கள். உட்புறத்தில் இரண்டு ஓட்டிலும் ஜோடியாக ஓவியம் தீட்டியிருப்பார்கள்.

இன்று இதே ஆட்டம் மழலையர் பள்ளிகளிலும் பொம்மைக் கடைகளிலும் செல்போன் செயலிகளிலும் ‘குழந்தையின் சொல்வளத்தைப் பெருக்கும்’ என்ற உறுதிமொழியோடு கிடைக்கிறது. அந்த உறுதிமொழியை அப்படியே ஏற்க முடியாது. மேலே சொன்ன ஆட்டத்தை ஒரு சொல்கூடப் பேசாமல் ஆடி முடித்துவிடலாம். இரண்டு யானைப் படங்களும் அச்சு அசலாக ஒன்றேபோல இருப்பதால், அந்த விலங்கின் பெயர் தெரியாத பிள்ளையும் ஜோடி சேர்த்துவிடும். கண்ணும், இடத்தைப் பற்றிய ஞாபகமும் போதும். சொல் இல்லாமல் ஜெயிக்க முடிகிற ஆட்டத்தில் மூளை சொல்லைத் தேடிப் போவதில்லை. ஜெயிக்க வேண்டுமானால் சொல் வேண்டும் என்று ஆட்டத்தைச் சற்று மாற்றிவிட்டால், அதே பன்னிரண்டு அட்டைகள் வேறு வேலை செய்யத் தொடங்கிவிடும். அந்த மாற்றம் எது, ஏன் பலிக்கிறது என்பதைக் குழந்தைகளின் சொற்கற்றலை ஆராய்ந்தவர்கள் ஓரளவு தெளிவாகவே காட்டியிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா ஸ்மித்தும் அவருடன் பணியாற்றியவர்களும் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் ஆய்வகத்துக்கு வரவழைத்தது 17 மாதக் குழந்தைகளை. அந்தக் குழந்தைகளுக்கென்றே புதிதாகச் சில பொம்மைகளைச் செய்திருந்தார்கள். உலகில் யாரும் பார்த்திராத உருவங்கள். யாரும் கேட்டிராத பெயர்கள். ‘ஸப்’ என்பது அதில் ஒரு பெயர். ஸப் இரண்டு உண்டு. இரண்டின் உருவமும் ஒன்று. ஆனால் நிறம் வேறு, செய்த பொருள் வேறு, தொட்டால் கைக்குத் தட்டுப்படும் சொரசொரப்பும் வேறு. இப்படி நான்கு பெயர்கள், நான்கு ஜோடிகள்.

குழந்தைகள் வாரம் ஒருமுறை வந்தார்கள். பெரியவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து, இரண்டு ஸப்களையும் கையில் கொடுத்து விளையாடினார். இதோ ஸப், இதோ இன்னொரு ஸப், இந்த ஸப்பை வண்டியில் ஏற்றலாமா என்று பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லியபடி விளையாட்டு போகும். நடுவில் மூன்றாவதாக ஒரு பொருள் வரும். நிறத்தில் அது ஸப்பைப் போலவே இருக்கும், உருவம் மட்டும் வேறு. ‘அட, இது ஸப் இல்லை’ என்று சொல்லி அதை ஒதுக்கி வைப்பார். ஏழு வாரம் இந்த விளையாட்டு மட்டும்தான்.

முடிவில் குழந்தைகள் தாங்கள் பார்த்தேயிராத புதிய ஸப்பையும் உருவத்தை வைத்து அடையாளம் கண்டார்கள். அது எதிர்பார்த்தது. அதற்கு மேலும் ஒன்று நடந்தது. முற்றிலும் புதிய ஒரு பொருளுக்குப் புதிய பெயர் சொன்னால், அந்தப் பெயரையும் உருவம் ஒத்த பொருட்களுக்கே கொடுத்தார்கள். அதைவிட முக்கியமானது வீட்டில் தெரிந்தது. இந்தப் பயிற்சி பெற்ற குழந்தைகள், பெறாத குழந்தைகளைவிட வேகமாகப் பொருட்களின் பெயர்களைப் பேசத் தொடங்கியிருந்தார்கள். ஆய்வகத்தில் கற்றுக்கொண்ட நான்கு பெயர்களும் வீட்டில் எதற்கும் உதவாதவை. இருந்தும் கதவு, கரண்டி, பந்து வகையறாச் சொற்கள் கூடின. அந்தக் குழந்தைகள் ஏழு வாரத்தில் கற்றது நான்கு சொற்களை மட்டுமல்ல, ஒரு பெயரைக் கேட்டால் பொருளில் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும்தான். நிறத்தை விட்டுவிடு, உருவத்தைப் பார் என்பதை யாரும் அவர்களுக்கு வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டு வேறுபட்ட பொருட்களை ஒரே பெயரால் கட்டியதுதான் அதைச் சொல்லிக்கொடுத்தது.

பங்கேற்ற குழந்தைகள் குறைவு, சிறிய ஆய்வுதான். ஆனால் 2010இல் லின் பெரி, லாரிசா சாமுவேல்சன் குழுவினர் வேறொரு கோணத்தில் இதைத் தொடர்ந்தபோதும் அதே திசையில்தான் முடிவு கிடைத்தது. இம்முறை உண்மையான பெயர்களையே ஒன்றரை வயதுக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்த பொருட்களைக் காட்டினார்கள். இன்னொரு குழுவுக்கு ஒரே பெயருடைய, ஆனால் பார்வைக்கு நிறைய வேறுபட்ட பொருட்களை. வேறுபாடுகளைப் பார்த்து வளர்ந்த குழுவின் சொல்வளம் அதன் பிறகு வேகமாகப் பெருகியது.

இப்போது கடையில் வாங்கிய அட்டைப் பெட்டிக்குத் திரும்புவோம். அதில் உள்ள ஒவ்வொரு ஜோடியும் ஒரே படத்தின் இரண்டு பிரதி. கற்றலுக்கு உதவும் வேறுபாட்டை அச்சகமே துடைத்துவிட்டிருக்கிறது. இதைச் சரிசெய்வது கடினமல்ல. குடம் என்ற ஜோடியில் ஒன்று பித்தளைக் குடமாகவும் மற்றொன்று தண்ணீர் லாரிக்கு முன் வரிசையில் நிற்கும் பச்சைப் பிளாஸ்டிக் குடமாகவும் இருக்கட்டும். யானை ஜோடியில் ஒன்று கோயில் யானையின் புகைப்படம், மற்றது கோட்டுச் சித்திரம். செருப்பு என்றால் அப்பாவின் தோல் செருப்பும் பாப்பாவின் வார் வைத்த செருப்பும். இந்த அட்டைகளைத் திருப்பும் பிள்ளைக்குக் கண் மட்டும் போதாது. பித்தளை மஞ்சளையும் பிளாஸ்டிக் பச்சையையும் சேர்த்து வைப்பது ‘குடம்’ என்ற பெயர்தான். அதை மனதுக்குள்ளாவது சொல்லியாக வேண்டும். சொல்லாமல் ஜோடி சேராது.

பெயருக்கு இத்தனை பலம் உண்டா என்று கேட்கலாம். எலன் மார்க்மனும் ஜீன் ஹட்சின்சனும் 1984இல் வெளியிட்ட சோதனைகள் இதற்கு நேரடியாகப் பதில் சொல்கின்றன. பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் பசுவின் படத்தைக் காட்டி, இதனோடு சேர்வது எது என்று கேட்டார்கள். எதிரே பால், பன்றி என்று இரண்டு படங்கள். பிள்ளைகள் பாலின் பக்கம் போவது சாதாரணம்; பசுவையும் பாலையும் சேர்த்தே பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். அதே பசுவுக்கு முன்பின் கேட்டிராத ஒரு பெயரை வைத்து, இந்தப் பெயருள்ள இன்னொன்றைக் காட்டு என்று கேட்டபோது தேர்வு பன்றியின் பக்கம் சாய்ந்தது. படங்கள் மாறவில்லை, கேள்வியில் ஒரு பெயர் நுழைந்தது, அவ்வளவுதான். பெயர் என்பது ஒரே இனத்தைச் சேர்ந்த பொருட்களுக்குப் பொதுவாக இருப்பது என்ற எண்ணம் அந்த வயதிலேயே உள்ளே இருக்கிறது. ஆகவே ஆட்டத்தில் ‘இதுக்கு ஜோடி எது?’ என்று கேட்பதும், ‘இது குடம், இன்னொரு குடம் எங்கே?’ என்று கேட்பதும் இரண்டு வேறு கேள்விகள். முதலாவதில் பிள்ளை எதையும் எதனோடும் சேர்க்கலாம். இரண்டாவது அதன் கண்ணை இனத்தின் பக்கம் திருப்பிவிடுகிறது.

இரண்டு படங்களை அக்கம்பக்கமாக வைப்பதிலும் ஒரு நன்மை இருக்கிறது. டெட்ரே ஜென்ட்னரும் லாரா நேமியும் 1999இல் தொடங்கி நடத்திய சோதனைகளில், நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு சைக்கிள் படத்தைக் காட்டி அதற்குப் புதுப்பெயர் ஒன்றைச் சொன்னார்கள். அதே பெயருக்குரிய இன்னொன்று மூக்குக்கண்ணாடியா, ஸ்கேட்டிங் பலகையா? சைக்கிளை மட்டும் பார்த்த பிள்ளைகள் மூக்குக்கண்ணாடியின் பக்கம் சாய்ந்தார்கள். அதிலும் இரண்டு வட்டங்கள் இருக்கின்றன அல்லவா! சைக்கிளையும் மூன்று சக்கர வண்டியையும் ஒன்றாக வைத்து, இரண்டுக்கும் அந்தப் பெயர்தான் என்று சொன்னபோது பிள்ளைகள் ஸ்கேட்டிங் பலகையைத் தேர்ந்தெடுத்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் வட்டம் கண்ணைப் பிடிக்கிறது. சேர்த்துப் பார்த்தால், ஏறிப் போவதற்கானவை என்ற ஆழமான ஒற்றுமை மேலே வருகிறது. கவிழ்த்து வைத்து ஞாபகத்தைச் சோதிக்கும் முறையைவிட, சிறு பிள்ளைகளுக்கு எல்லா அட்டைகளையும் திறந்தே வைத்து ஆடுவது நல்லது என்று நான் கருதுவதற்கு இதுதான் காரணம். இடத்தை ஞாபகம் வைக்கும் சுமை இல்லாதபோது ஒப்பிட்டுப் பார்க்க நேரம் கிடைக்கிறது.

ஒப்பிடும்போது தவறான ஜோடி வருவதும் நல்லதே. பேத்தி குடத்துக்குப் பக்கத்தில் மண்பானையைக் கொண்டுவந்து வைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ‘தப்பு’ என்று சொல்லி அட்டையைப் பிடுங்கும் பாட்டி ஒரு வாய்ப்பை நழுவ விடுகிறார். “அதுலயும் தண்ணிதான் வைப்போம் கண்ணு. ஆனா இதோட வாயப் பாரு, எவ்வளவு அகலமா இருக்கு! குடத்துக்குக் கழுத்து சின்னதா இருக்கும், இடுப்புல வச்சுத் தூக்கலாம். இது பானை” என்று சொல்லும் பாட்டி, லிண்டா ஸ்மித்தின் ஆய்வகத்தில் ‘இது ஸப் இல்லை’ என்று சொன்னவர் செய்ததைவிட ஒரு படி மேலே செய்கிறார். குடம் எங்கே முடிகிறது, பானை எங்கே தொடங்குகிறது என்ற எல்லைக்கோடு அங்கே பிள்ளைக்குத் தெரிகிறது. கழுத்து, வாய், இடுப்பு, அகலம் என்று நான்கு சொற்கள் கூடவே வந்து சேர்கின்றன. அட்டை ஆட்டத்தின் பெரும்பயன் அட்டையில் இல்லை, அதைச் சுற்றி எழும் இந்தப் பேச்சில் இருக்கிறது.

இதுவரை சொன்னது ஜோடியைப் பற்றி. அடுத்த விஷயம் பெற்றோரையும் ஆசிரியர்களையும் அதிகம் ஏமாற்றுவது: சரியான படத்தைத் தொட்டுவிட்டது என்பதாலேயே பிள்ளைக்கு அந்தச் சொல் தெரிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறோம்.

நாய், பந்து, உரல் என்று மூன்று படங்களை வைத்து ‘உரல் எங்கே?’ என்று கேட்டால், உரலைக் கேள்விப்படாத இரண்டு வயதுக் குழந்தையும் சரியாகத் தொட்டுவிடும். நாயும் பந்தும் அதற்குத் தெரியும். மிச்சமிருப்பதுதான் உரலாக இருக்க வேண்டும். இந்தக் கழித்துப்பார்க்கும் திறமை வியப்பானதுதான். சூசன் கேரியும் எல்சா பார்ட்லெட்டும் 1978இல் இதை அழகாகக் காட்டினார்கள். பாலர் பள்ளி ஒன்றில், ஆசிரியை ஆலிவ் பச்சை நிறத் தட்டு ஒன்றைக் குறித்து, நீலத் தட்டு வேண்டாம், குரோமியத் தட்டை எடுத்து வா என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பிள்ளைகள் சரியாக எடுத்துவந்தார்கள். சில பிள்ளைகளிடம் நாள் பல கழித்தும் அந்த ஒரு நிகழ்வின் தடம் இருந்தது. ‘விரைவுப் பதிவு’ என்ற கருத்து இங்கிருந்துதான் புகழ்பெற்றது. ஆனால் அந்த முதல் தடம் அரைகுறையானது, முழுப்பொருளும் வந்து சேரப் பல மாதங்கள் பிடிக்கும் என்று கேரி அப்போதே எழுதியிருந்தார். பின்னால் பரவியது முதல் பாதி மட்டும்.

ஜெசிகா ஹார்ஸ்ட்டும் லாரிசா சாமுவேல்சனும் 2008இல் இரண்டாவது பாதியைச் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு வயதுக் குழந்தைகளின் முன் ஒரு தட்டு. அதில் தெரிந்த பொருட்கள் இரண்டு, தெரியாத பொருள் ஒன்று. புதுப்பெயர் சொல்லிக் கேட்டதும் குழந்தைகள் பெரும்பாலும் சரியாகவே எடுத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து, இப்படிப் பெயர் கேட்ட புதுப்பொருட்களையே ஒன்றாக வைத்து மறுபடி கேட்டபோது, கண்ணை மூடிக்கொண்டு எடுப்பவர் அளவுக்குத்தான் சரியாகச் சொன்னார்கள். ஐந்தே நிமிடம்! குழந்தை தேர்ந்தெடுத்த பொருளை ஆய்வாளர் கையில் உயர்த்திப் பிடித்து, அதையே பார்க்கவைத்து, பெயரை மறுபடி சொன்னபோது நிலைமை மாறியது, பெயர் தங்கியது. எதிரே கிடக்கும் மற்றப் பொருட்களின் எண்ணிக்கையும் இதில் விளையாடுகிறது. 2010இல் இதே ஹார்ஸ்ட் குழு செய்த சோதனையில், போட்டிக்கு இரண்டு பொருட்கள் மட்டுமே இருந்தபோது இரண்டரை வயதுக் குழந்தைகள் பெயரைத் தக்கவைத்துக்கொண்டார்கள். மூன்று, நான்கு என்று கூடியபோது தக்கவைக்கவில்லை. அந்த நேரத்தில் சரியாக எடுப்பதில் எல்லோரும் கெட்டிக்காரர்கள்தான். வித்தியாசம் பிறகுதான் தெரிந்தது.

இதிலிருந்து வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை நேரடியானவை. ஒரு சுற்றில் மூன்று அட்டைகள் போதும், அதில் புதியது ஒன்று போதும். பிள்ளை சரியாகத் தொட்டவுடன் ‘சபாஷ்’ என்று மட்டும் சொல்லி அடுத்த அட்டைக்குத் தாவாமல், அதைக் கையில் கொடுத்து, மற்ற அட்டைகளை ஒதுக்கிவிட்டு, ‘உரல், பாத்தியா? இதுலதான் போட்டு இடிப்பாங்க’ என்று ஒரு வார்த்தை பேச வேண்டும். பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி கேட்க வேண்டும். இடைவெளி விட்டுக் கற்பது சிறு பிள்ளைகளுக்கும் பயன் தருவதை ஹேலி விளாக்கும் அவருடைய சகாக்களும் 2008இல் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் காட்டினார்கள். சொல்லை மீண்டும் நினைவிலிருந்து எடுக்க வைப்பது, சும்மா காதில் போட்டுக்கொண்டே இருப்பதைவிட நல்லது என்பதை பர்டூ பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் லெனர்ட் குழு, மொழி வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளிடமும் கண்டது. காலையில் ஆடிய உரலை மாலையில் ஒருமுறை, மறுநாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை கேட்பது, ஒரே மூச்சில் இருபது முறை கேட்பதைவிட மேல்.

இந்த ஒழுங்கை ஆய்வகங்கள் வருவதற்கு முன்பே ஒருவர் வகுப்பறையில் நிலைநிறுத்தியிருந்தார். மரியா மாண்டிசோரி கையாண்ட மூன்று படிப் பாடம், பிரெஞ்சு மருத்துவர் எடுவார் செகானிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது. முதல் படியில் ஆசிரியர் பொருளைக் காட்டிப் பெயர் சொல்கிறார். இரண்டாவது படியில் பெயரைச் சொல்லி, எது என்று காட்டச் சொல்கிறார். மூன்றாவது படியில் பொருளைக் காட்டி, இது என்ன என்று கேட்கிறார். இரண்டாவது படியில்தான் அதிக நேரம் செலவாகும்; அங்கேயே விளையாட்டு நடக்கிறது. பிள்ளை தடுமாறினால் திருத்துவதில்லை, பாடத்தை இன்னொரு நாளுக்கு ஒத்திப்போடுவார்கள். இரண்டாம் உலகப் போரின் ஆண்டுகளில் மாண்டிசோரி சென்னை அடையாறிலும் கொடைக்கானலிலும் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நம் ஊர் மழலையர் பள்ளிகள் பலவற்றின் அலமாரியில் இன்றும் இருக்கும் பட அட்டைகள், பெயர் அட்டைகளின் வம்சாவளி அந்த வழியில் வந்தது. ஆனால் அட்டைகள் தங்கிய அளவுக்கு மூன்று படிகள் தங்கவில்லை. முதல் படியும் மூன்றாவது படியும் மட்டும் நடக்கும் வகுப்புகளே அதிகம்: ‘இது உரல், சொல்லு உரல்’.

படம் என்பதே குழந்தைக்கு எப்போது படமாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஜூடி டெலோச்சும் அவருடைய குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகள் புத்தகத்தில் அச்சாகியிருந்த பொருட்களைக் கையால் பற்றி எடுக்க முயன்றார்கள். படங்களோடு அதிகம் பழகாத, மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் வாழும் பெங் இனக் குழந்தைகளும் அப்படியே செய்தார்கள். ஒன்றரை வயதைத் தாண்டியபோது பற்றுவது குறைந்து, விரல் நீட்டிக் காட்டுவது வந்துவிட்டது. இது பொருள் அல்ல, பொருளைக் குறிப்பது என்ற புரிதல் அங்கே தொடங்குகிறது. அதற்கு முன்னால் அட்டைகளை அடுக்குவதைவிட உண்மையான கரண்டி, உண்மையான எலுமிச்சம்பழம், உண்மையான செருப்பு இவற்றை வைத்தே ஜோடி சேர்த்து விளையாடலாம். அட்டைகளுக்கு வந்த பிறகும் முதலில் புகைப்படம், பிறகு சித்திரம் என்ற வரிசை உதவும். படத்தில் கற்ற பெயரை உண்மைப் பொருளுக்குக் கொண்டுசெல்வது, படம் தத்ரூபமாக இருக்கும்போது எளிது என்று பட்ரீஷியா கனேயாவின் 2008ஆம் ஆண்டு ஆய்வு காட்டுகிறது. தூக்கிப் பார்க்கும் மடிப்பும் இழுக்கும் நாடாவும் வைத்த புத்தகங்கள் கவனத்தைக் கைவேலைக்கு இழுத்துவிடுகின்றன; சாதாரணப் புத்தகத்திலிருந்தே பிள்ளைகள் அதிகம் கற்றதாகவும் அதே வட்டத்து ஆய்வாளர்கள் கண்டார்கள்.

பெயர்ச்சொல்லோடு நின்றுவிடுவதுதான் இந்த ஆட்டங்களின் பெரிய குறை என்பேன். கடையில் கிடைக்கும் பெட்டிகளில் பழங்களும் விலங்குகளும் வண்டிகளும் இருக்கும், வினைச்சொல் இருக்காது. அசையாத படத்தில் வினையைக் காட்டுவது கடினம் என்பது உண்மைதான். ஆனால் தமிழ் பேசும் பிள்ளையின் காதில் நாள் முழுவதும் விழுவது வினைச்சொற்கள். எழுவாயையும் செயப்படுபொருளையும் விட்டுவிட்டு, ‘வந்தாச்சா’, ‘ஊத்து’, ‘கொட்டிடாத’ என்று வினையை மட்டும் வைத்தே நாம் பேசிவிட முடியும்.

அதிலும் நம் அடுக்களை வினைச்சொற்களின் சுரங்கம். முருங்கைக்கீரையை உருவுகிறோம். வாழைப்பூவை ஆய்கிறோம். வெங்காயத்தை உரித்து நறுக்குகிறோம். தேங்காயை உடைத்துத் துருவுகிறோம். அரிசியைக் களைகிறோம், புளியைக் கரைக்கிறோம், பருப்பைக் கடைகிறோம், கிழங்கை மசிக்கிறோம், மாவைப் பிசைகிறோம், எலுமிச்சையைப் பிழிகிறோம். ஒரு பொருளுக்குரிய வினையை இன்னொன்றுக்குப் போட்டால் பிள்ளைகூடச் சிரிக்கும். வெட்டுவது, உடைப்பது, கிழிப்பது போன்ற செயல்களை ஒவ்வொரு மொழியும் எப்படிப் பிரிக்கிறது என்று, சிறு காட்சிகளைப் படம்பிடித்து 28 மொழிக்காரர்களிடம் காட்டி ஆராய்ந்திருக்கிறார்கள். எல்லைகள் மொழிக்கு மொழி நகர்கின்றன. தமிழையும் இந்தியையும் இந்த வகையில் ஒப்பிட்டு புவனா நரசிம்மன் 2007இல் எழுதியிருக்கிறார். எந்தச் செயலுக்கு எந்தச் சொல் என்ற இந்தப் பிரிவினையைத் தமிழ்ப் பிள்ளை யாரிடமிருந்தாவது கேட்டுத்தான் கற்க வேண்டும். மொழிபெயர்த்து அச்சிட்ட அட்டைப் பெட்டி அதைத் தராது.

இதற்கு ஜோடியை வேறு மாதிரி அமைக்கலாம். ஒரு பக்கம் பொருள்: வெங்காயம், தேங்காய், புளி, எலுமிச்சை. மறுபக்கம் கை செய்யும் வேலையின் படம்: உரிக்கும் கை, துருவும் கை, கரைக்கும் கை, பிழியும் கை. வீட்டில் சமைக்கும்போது செல்போனில் எடுத்த படங்களே போதும். பிள்ளை எலுமிச்சையைப் பிழியும் கையோடு சேர்த்ததும், அதை வாயால் சொல்லச் சொல்லாமல் செய்துகாட்டச் சொல்லலாம்; உள்ளங்கையைக் குவித்து அழுத்தினால் சொல் புரிந்திருக்கிறது. பிறகு ஒருநாள் அடுக்களையில் ஒரு பாதி எலுமிச்சையை உண்மையாகவே கையில் கொடுத்து, ‘பிழி’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். படத்தில் பார்த்தது கைக்கு வந்துவிட்டதா என்பது அங்கே தெரியும்.

வீட்டுச் சொல்லும் பள்ளிச் சொல்லும் மோதும் இடம் ஒன்று உண்டு. வீட்டில் தவக்களை, பாடப்புத்தகத்தில் தவளை. ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான் என்ற எண்ணத்தோடு பிள்ளைகள் இருப்பதால், இரண்டாவது பெயரை வேறெதற்கோ உரியது என்று நினைத்துக்கொள்ளக்கூடும். ஆனால் இது அசைக்க முடியாத விதி அல்ல. பல மொழிகள் பேசும் வீடுகளில் வளரும் குழந்தைகள் ஒன்றரை வயதிலேயே இந்த எண்ணத்தை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை என்று கிறிஸ்டா பயர்ஸ்-ஹைன்லைனும் ஜேனட் வெர்க்கரும் 2009இல் காட்டினார்கள். இரண்டு பெயரையும் ஒரே அட்டைக்கு வைத்து, ‘நம்ம வீட்டுல தவக்களை, டீச்சர் தவளைன்னு சொல்லுவாங்க, ரெண்டும் இதுதான்’ என்று சொல்லிவிடுவது நல்லது. தவக்களை என்று சொன்ன பிள்ளையைத் தவறு என்று திருத்துவது, அது ஏற்கெனவே சரியாகக் கற்ற ஒரு சொல்லைப் பறிப்பதாகும்.

செயலிகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2010இல் டெலோச் குழுவினர் 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்குச் சொல் கற்றுத்தருவதாக விற்கப்பட்ட வீடியோ ஒன்றை நான்கு வாரம் வீட்டில் பார்க்கவைத்துச் சோதித்தார்கள். வீடியோ பார்த்தவர்கள் பார்க்காதவர்களைவிட அதிகம் கற்கவில்லை. அதிகம் கற்றது, வீடியோ இல்லாமல் பெற்றோரே அன்றாடப் பேச்சில் அந்தச் சொற்களைச் சொல்லிக்கொடுத்த குழு. திரை என்பதாலேயே கற்க முடியாது என்றும் இல்லை. சாரா ரோஸ்பெரியும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், எதிர்முனையில் ஒரு மனிதர் குழந்தைக்கு உடனுக்குடன் பதில் சொன்ன ஸ்கைப் உரையாடலிலிருந்து இரண்டு வயதுக் குழந்தைகள் புதிய வினைச்சொற்களைக் கற்றார்கள். பதிவு செய்த வீடியோவிலிருந்து கற்கவில்லை. துபாயில் இருக்கும் அப்பா வீடியோ அழைப்பில் அட்டை ஆட்டம் ஆடலாம். தொட்டதும் மணியடித்து நட்சத்திரம் காட்டும் செயலி அந்த இடத்தை நிரப்பாது, ஏனென்றால் குடத்துக்குப் பானையை வைத்த பிள்ளையிடம் அதற்குப் பேச ஒன்றும் இல்லை.

ஆட்டம் சில வாரம் ஓடிய பிறகு முறையை மாற்றிப் பார்க்க வேண்டும். அதுவரை பெரியவர் பெயர் சொல்வார், பிள்ளை அட்டையைத் தேடும். இனிப் பிள்ளை பெயர் சொல்லட்டும், பெரியவர் தேடட்டும். கேட்டுப் புரிந்துகொள்ளும் சொற்கள் எப்போதும் வாயில் வரும் சொற்களைவிட அதிகம் என்பதால் இங்கே ஆட்டத்தின் வேகம் சட்டென்று குறையும். முறத்தின் படத்தைப் பார்த்துவிட்டுப் பெயர் வராமல், “அப்பத்தா, அதான்... அரிசி புடைப்பியே, அது எங்க?” என்று பேரன் கேட்கக்கூடும். அப்பத்தா அந்த அட்டையை எடுத்துக் காட்டி, “முறமா? இந்தா” என்று கொடுத்துவிடலாம். பெயர் தெரியாவிட்டாலும் அது செய்யும் வேலையின் பெயரை வைத்தே அவன் பொருளைப் பிடித்துவிட்டான். புடைப்பது என்ற வினைச்சொல் அவனுக்குச் சொந்தமாகிவிட்டது. அடுத்த சுற்றில் முறத்தை வேறு இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, ‘முறம் எங்கே?’ என்று அப்பத்தா கேட்கலாம். மறுநாள் மறுபடி அவன் முறை வரும்போது பெயர் நாக்கில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.